புரட்சியை டிவியில் காட்ட மாட்டார்கள் என்றவர், டிவியிலேயே பாடிய கதை தெரியுமா?

"புரட்சி டிவியில் ஒளிபரப்பாகாது." இந்த வாசகத்தை எங்காவது பார்த்திருப்பீர்கள். யாரோ ஒருவரின் டி-சர்ட்டில், போராட்டக்காரர்கள் தூக்கிப் பிடித்த அட்டையில், ஒரு கட்டுரையின் தலைப்பில். அரை நூற்றாண்டாக உலகம் சுற்றும் வாசகம் இது. ஆனால் இது ஒரு பாட்டின் பெயர் என்பது தெரியுமா? அந்தப் பாட்டை எழுதியவர் அதைப் பாடவே இல்லை, பேசினார் என்பது தெரியுமா? பேசிப் பதிவு செய்தபோது அவருக்கு வயது 21 என்பதாவது தெரியுமா?

அவர் பெயர் கில் ஸ்காட்-ஹெரான். அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர். தேவாலயப் பாட்டின் உருக்கமும் புளூஸின் வலியும் ஒன்றாய்க் கலந்ததுதான் சோல் இசை. அதில் அவர் குரல் ஆழமாக, கொஞ்சம் கரகரப்பாக இறங்கும். திடீரென்று பாட்டை விட்டுவிட்டுப் பேச ஆரம்பிப்பார். அந்தப் பேச்சிலும் தாளம் நிற்காது. ஏட்டில் வாசிப்பதற்கல்லாமல் கூட்டத்தின் முன்னால் வாய்விட்டுச் சொல்வதற்கென்றே எழுதும் இந்தக் கவிதையை ஸ்போக்கன் வேர்ட் என்கிறார்கள். இவரைப் பாடகர் என்பதா, கவிஞர் என்பதா என்று கடைசிவரை பலர் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். அவர் தனக்குத் தானே ஒரு பெயர் வைத்துக்கொண்டார்: புளூஸாலஜிஸ்ட். அதாவது புளூஸ் என்கிற வலியின் மூலத்தை ஆராய்கிற விஞ்ஞானி!

அந்த ஒற்றை வாசகம் இவரை மறைத்துவிட்டது என்பது என் வருத்தம். அதற்குப் பின்னால் இருக்கிற மனிதரைப் பாருங்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் வாயைப் பிளக்க வைக்கிறார்.

அப்பா ஸ்காட்லாந்தில் கால்பந்து வீரர்!

ஆமாம், தெரியுமா? கில்லின் அப்பா கில் ஹெரான், ஜமைக்காவில் பிறந்தவர். கிளாஸ்கோ நகரின் புகழ்பெற்ற செல்டிக் கால்பந்துக் கழகத்துக்காகக் களமிறங்கிய முதல் கறுப்பின வீரர் அவர்தான். 1951 ஆகஸ்ட் 18-ஆம் தேதி முதல் ஆட்டம், அதிலேயே ஒரு கோல். ரசிகர்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் 'கறுப்பு அம்பு'. கால்பந்தோடு நிற்கவில்லை, ஸ்காட்லாந்தில் கிரிக்கெட்டும் ஆடினார். பின்னாளில் கவிதையும் எழுதினார். மகனுக்கு அப்போது இரண்டு வயது. மகன் வளர்ந்து பெரிய பாடகராகி கிளாஸ்கோவுக்குக் கச்சேரிக்குப் போனபோது, அப்பாவின் நினைவாக செல்டிக் சட்டை போட்டுக்கொண்டு ரசிகர்கள் வந்தார்களாம்!

ஆனால் அந்த அப்பாவோடு வளரும் கொடுப்பினை மகனுக்கு இல்லை. 1949 ஏப்ரல் 1 அன்று சிகாகோவில் பிறந்த குழந்தை, பெற்றோர் பிரிந்ததும் டென்னசி மாநிலத்தின் ஜாக்சன் ஊரில் இருந்த அம்மாவைப் பெற்ற பாட்டியிடம் வந்து சேர்ந்தது. அப்பாவை மறுபடி சந்தித்தபோது கில்லுக்கு 26 வயது. அம்மா பாபி நூலகர், இசை நாடகப் பாட்டுக்குப் பயின்ற குரல் அவருக்கு. ஆக, அம்மா வழியில் பாட்டு, புத்தகம் இரண்டும் ரத்தத்திலேயே இருந்தன.

பாட்டி லில்லி ஸ்காட்டைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். இந்தக் கதையின் ஆணிவேர் அவர்தான்.

பாட்டி வீட்டுக்குப் பக்கத்தில் ஓர் இறுதிச் சடங்குக் கூடம். இறந்தவர்களை அலங்கரித்து, பிரார்த்தனை நடத்தி, வழியனுப்பும் இடம். அங்கே கிடந்த ஒரு பழைய பியானோவைக் கழித்துக்கட்டப் பார்த்தார்கள். பாட்டி அதைச் சொற்பக் காசுக்கு வாங்கி வீட்டுக்குள் வைத்துவிட்டார். எதற்குத் தெரியுமா? அவர் வீட்டில் பெண்கள் கூடித் தையல் வேலை செய்வார்கள். அப்போது பேரன் துதிப் பாடல்கள் வாசிக்க வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை! பேரனும் வாசித்தான். ஆனால் பாட்டி கண் அசந்த நேரத்தில் அவன் விரல்கள் மெம்ஃபிஸ் வானொலியில் கேட்ட புளூஸ் பக்கம் ஓடின. அமெரிக்க அரசியலை உலுக்கிய ஒரு குரலின் முதல் வாத்தியம், பிணங்களுக்குப் பாட்டிசைத்த பியானோ!

அந்த வீட்டுக்குள் இன்னொன்றும் வந்துகொண்டிருந்தது: கறுப்பினத்தவர் நடத்திய 'சிகாகோ டிஃபெண்டர்' பத்திரிகை. அதில் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ் ஒரு பத்தி எழுதினார். தெருவில் நிற்கிற சாதாரண மனிதன் பேசுகிற மொழியிலேயே, சிரிக்கச் சிரிக்க, நிறவெறியைத் தோலுரிக்கும் பத்தி அது. பாட்டி அதை வாசிப்பார், பேரன் பக்கத்திலேயே இருப்பான். கவிதை என்றால் தெருப் பேச்சில் இருக்கலாம், அதில் சிரிப்பும் இருக்கலாம் என்று அந்தச் சிறுவனுக்குப் புரிந்தது அப்போதுதான்.

1960-இல் ஒரு நாள் காலையில் பாட்டி எழுந்திருக்கவில்லை. முதலில் போய்ப் பார்த்தவன் பேரன்தான். அவனுக்குப் பன்னிரண்டு வயதுகூட முடியவில்லை.

பள்ளிகளில் கறுப்பு, வெள்ளை என்று பிள்ளைகளைப் பிரிப்பது சட்டவிரோதம் என அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954-லேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஆனால் ஜாக்சன் நகரில் அந்தத் தீர்ப்பு நடைமுறைக்கு வர 1962 ஆகிவிட்டது. வெள்ளையர் மட்டுமே படித்த பள்ளிக்குள் முதன்முதலாகக் காலெடுத்து வைத்த கறுப்பினப் பிள்ளைகள் மூன்றே மூன்று பேர். அதில் ஒருவன் நம் கில்!

அப்புறம் அம்மாவோடு நியூயார்க். ஓர் ஆசிரியை அவன் எழுத்தைப் பார்த்து அசந்துபோய், பணக்காரப் பிள்ளைகள் படிக்கும் ஃபீல்ட்ஸ்டன் பள்ளியில் முழு உதவித்தொகையோடு சேர வழி செய்தார். சேர்க்கை நேர்காணலில் என்ன கேட்டார்கள் தெரியுமா? உன்னோடு படிக்கிற பையன் சொகுசுக் காரில் போவான், நீ ரயிலடியிலிருந்து மேடேறி நடந்து வருவாய், அதைப் பார்த்தால் உனக்கு எப்படி இருக்கும் என்று. கில் சளைக்கவில்லை. உங்களுக்கு எப்படி இருக்குமோ அப்படித்தான் எனக்கும், அந்தக் காரை வாங்க உங்களாலும்தான் முடியாதே என்று திருப்பிப் போட்டான். இதையெல்லாம் ஒரு பள்ளிப் பையன் சொன்னான் என்பதை நினைத்துப் பாருங்கள்!

சலவைக் கடையில் பிறந்த நாவல்

கல்லூரி எது என்று தேர்ந்தெடுக்கும்போது அவர் வேறெதையும் யோசிக்கவில்லை. லாங்ஸ்டன் ஹியூஸ் படித்த இடம் என்கிற ஒரே காரணத்துக்காகப் பென்சில்வேனியாவின் லிங்கன் பல்கலைக்கழகத்துக்குப் போனார். கானாவின் விடுதலை நாயகர் குவாமே இன்க்ருமா படித்த இடமும் அதுதான். அங்கேதான் பிரையன் ஜாக்சனைச் சந்தித்தார். பியானோவும் புல்லாங்குழலும் வாசிக்கும், வயதில் இளைய மாணவர். இவர் சொல், அவர் ஸ்வரம். 1971-இலிருந்து 1980 வரை இருவரும் சேர்ந்தே இசை செய்தார்கள். பலர் கில்லின் பெயரை மட்டும் சொல்லி நகர்ந்துவிடுவார்கள். அது அநியாயம். அந்தப் பத்து வருஷத்துப் பாட்டுகளின் மெட்டிலும் மூச்சிலும் பாதி பிரையனுடையது.

கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோதே கில் படிப்பை நிறுத்தி வைத்தார். மனசுக்குள் ஒரு நாவல் குடைந்துகொண்டிருந்தது. கல்லூரிக்குப் பக்கத்தில் ஒரு சலவைக் கடையில் வேலை பார்த்துக்கொண்டே எழுதி முடித்தார். 'தி வல்ச்சர்' என்கிற அந்தக் கொலை மர்ம நாவல் 1970-இல் வெளிவந்தது. அதே ஆண்டு கவிதைத் தொகுப்பும் வந்தது. அதே ஆண்டு முதல் இசைத்தட்டும் வந்தது. 21 வயதில் நாவல், கவிதை நூல், இசைத்தட்டு, மூன்றும் ஒரே வருஷத்தில்!

இடையில் ஒரு துயரமும் உண்டு. அவரோடு இசைக்குழுவில் இருந்த ஒரு மாணவர் ஆஸ்துமாவால் இறந்துபோனார். கல்லூரியில் மருத்துவ வசதி போதவில்லை என்பதுதான் காரணம் என்று கொதித்த கில், கோரிக்கைகளைப் பட்டியலிட்டு மாணவர்களைத் திரட்டி வகுப்புகளை நிறுத்திவிட்டார். புரட்சி பற்றிய பாட்டைப் பதிவு செய்வதற்கு முன்பே அவர் ஒரு போராட்டத்தை நடத்தியிருந்தார் என்பதை மறக்கக் கூடாது.

முதல் இசைத்தட்டு வந்த விதமும் சுவாரஸ்யம். பாப் தீல் என்று ஒரு தயாரிப்பாளர். ஜாஸ் மேதை ஜான் கோல்ட்ரேனின் இசைத்தட்டுகளைத் தயாரித்தவர். லூயி ஆம்ஸ்ட்ராங் பாடி அழியாப் புகழ்பெற்ற 'வாட் எ ஒண்டர்ஃபுல் வேர்ல்ட்' பாட்டை இணைந்து எழுதியவரும் இவரே. கில் அவரிடம் பாட்டுகளோடு போனார். வாத்தியக் குழுவை வைத்துப் பதிவு செய்யக் கையில் பணமில்லை, முதலில் கவிதையைப் பதிவு செய்வோம், அது விற்றால் பிறகு பாட்டு என்றார் தீல். சரி என்று ஒரு சின்னக் கூட்டத்தை உட்கார வைத்து, காங்கா முரசைப் பின்னால் தட்டவிட்டு, கில் கவிதை சொன்னார். ஆக, அவரைப் பாடகராக அறிமுகம் செய்யாமல் கவிஞராக அறிமுகம் செய்தது பட்ஜெட்!

அந்தத் தட்டில்தான் 'தி ரெவல்யூஷன் வில் நாட் பி டெலிவைஸ்டு' முதன்முதலாக ஒலித்தது. அன்றைய டிவி விளம்பரங்கள், தொடர் நாயகர்கள், செய்திப் படங்கள் என்று வரிசையாக அடுக்கி, இவற்றில் எதிலும் புரட்சி வராது என்று சொல்லிக்கொண்டே போகும் கவிதை. அடுத்த ஆண்டு முழு வாத்தியக் குழுவோடு மறுபடி பதிவு செய்தார்கள். பாஸ் கிட்டார் ரான் கார்ட்டர், டிரம்ஸ் பெர்னார்ட் பர்டி, புல்லாங்குழல் ஹியூபர்ட் லாஸ். ஜாஸ் அறிந்தவர்கள் இந்தப் பெயர்களைக் கேட்டாலே எழுந்து உட்காருவார்கள். ஆனால் அந்தப் பதிவு ஒற்றைப் பாட்டுத் தட்டாக வந்தபோது பின்பக்கத்தில்தான் இடம் கிடைத்தது தெரியுமா? உலகமே மேற்கோள் காட்டும் பாட்டு, இன்னொரு பாட்டுக்குப் பின்பக்கம்!

டிவியில் ஏன் வராது? பின்னாளில் அவரே விளக்கினார். முதல் மாற்றம் மனிதனின் மண்டைக்குள் நடக்கிறது, அதை எந்தக் கேமராவாலும் பிடிக்க முடியாது என்பதுதான் பொருளாம். கோபமான முழக்கமாகத் தெரிகிற வாசகத்துக்குள் இப்படி அமைதியான ஓர் அர்த்தம். கொடுமை என்னவென்றால், விளம்பரங்களைக் கிழித்த இந்தக் கவிதையின் வடிவத்தையே எடுத்து 1990-களில் ஒரு காலணி நிறுவனம் விளம்பரம் செய்தது!

அந்த முன்பக்கப் பாட்டு என்ன ஆனது?

'ஹோம் இஸ் வேர் தி ஹேட்ரட் இஸ்'. போதைக்கு அடிமையாகி வீட்டுக்குப் போக முடியாமல் தவிக்கும் ஒருவனின் குரலில் எழுதியது. இதை எஸ்தர் பிலிப்ஸ் என்கிற பாடகி 1972-இல் பாடினார். அவரே ஹெராயின் பழக்கத்தோடு போராடிக்கொண்டிருந்தவர். அதனால் அவர் குரலில் அது நடிப்பாக ஒலிக்கவில்லை, வாக்குமூலமாக ஒலித்தது. அந்த இசைத்தட்டுக்காகக் கிராமி விருதுப் பட்டியலில் அவர் பெயர் வந்தது. விருதை வென்றவர் அரீதா ஃபிராங்க்ளின். அரீதா என்ன செய்தார் தெரியுமா? இது உனக்குத்தான் சேர வேண்டும் என்று தன் விருதைக் கொண்டுபோய் எஸ்தரிடமே கொடுத்துவிட்டார்! விருது மேடைக் கதைகள் ஆயிரம் இருக்கட்டும், எனக்கு இதற்கு ஈடாக இன்னொன்று தெரியாது.

இளங்கலைப் பட்டம் இல்லாமலே கில் முதுகலைப் பட்டம் வாங்கியவர் என்பது இன்னொரு வியப்பு. நாவலும் கவிதையும் கையில் இருந்ததால் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் அவரைச் சேர்த்துக்கொண்டது, 1972-இல் படைப்பிலக்கியத்தில் பட்டம் தந்தது. அதன்பின் வாஷிங்டன் நகரின் ஃபெடரல் சிட்டி கல்லூரியில் 1976 வரை ஆசிரியர். வாரநாளில் வகுப்பறையில் கவிதைப் பாடம், வார இறுதியில் மேடையில் கவிதை!

வாஷிங்டன் வாழ்க்கைதான் 'தி பாட்டில்' பாட்டைக் கொடுத்தது. அவர் குடியிருந்த வீட்டுக்குப் பின்னால் ஒரு மதுக்கடை. காலையிலேயே வரிசை கட்டி நிற்பார்கள். காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அடுத்த பாட்டில் விலையில் தள்ளுபடி. மற்றவர்கள் முகம் சுளித்துக் கடந்துபோவார்கள். கில் இறங்கிப்போய் ஒவ்வொருவராகப் பேச்சுக் கொடுத்தார். ஒருவர் ஒரு காலத்தில் மருத்துவராம். இன்னொருவர் விமானங்களுக்கு வழிகாட்டும் கட்டுப்பாட்டு அறையில் வேலை பார்த்தவராம், அப்போது நேர்ந்த ஒரு விபத்துக்குப் பிறகு வேலைக்கே திரும்பவில்லையாம். பிறவிக் குடிகாரன் என்று யாருமில்லை, ஒவ்வொரு பாட்டிலுக்குப் பின்னாலும் ஒரு நாள் இருக்கிறது என்று அவர் கண்டுகொண்டார். இதுதான் கில்லின் வித்தை. பெரிய பெரிய வார்த்தைகளை விட்டுவிட்டு, பக்கத்து வரிசையில் நிற்கிறவனிடம் போய் என்ன ஆச்சு என்று கேட்டார்.

அந்தப் பாட்டு இடம்பெற்ற 'விண்டர் இன் அமெரிக்கா' 1974-இல் வந்தது. இசைக்கலைஞர்களே தொடங்கிய ஸ்ட்ராட்டா-ஈஸ்ட் நிறுவனத்தின் வெளியீடு. பதிவு நடந்த அறை எவ்வளவு சின்னது தெரியுமா? ஒருவர் உள்ளே பாடினால், புல்லாங்குழல் வாசிக்கிறவர் வெளியே குடிதண்ணீர் எந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று வாசிக்க வேண்டும்! அப்படிப் பதிவான 'தி பாட்டில்' அமெரிக்கக் கறுப்பின இசைப் பட்டியலில் 15-ஆவது இடம் வரை ஏறியது. நடன அரங்குகளில் ஜனங்கள் அதற்கு ஆடித் தீர்த்தார்கள். ஆடுகிற கால்களுக்கு அந்தச் சோகம் கேட்டதா என்பது வேறு கேள்வி. இன்னொரு விநோதம்: 'விண்டர் இன் அமெரிக்கா' என்கிற பாட்டு அந்தப் பெயருள்ள தட்டில் இல்லவே இல்லை, அடுத்த தட்டில்தான் வந்தது!

இப்போது டிவி கதை

1975. கிளைவ் டேவிஸ் தொடங்கிய அரிஸ்டா இசை நிறுவனத்தில் கில் சேர்ந்துவிட்டார். தென்னாப்பிரிக்க நிறவெறி ஆட்சியைப் பற்றி 'ஜோஹானஸ்பர்க்' என்று ஒரு பாட்டு. நெல்சன் மண்டேலா சிறைக்குப் போய்ப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அமெரிக்காவின் சராசரி வானொலி ரசிகருக்கு அந்த ஊரின் பெயரே புதுசு. அங்கே என்ன நடக்கிறது, உங்களுக்கு ஏதாவது சேதி வந்ததா என்று கேட்கிற பாட்டு அது.

அந்த டிசம்பரில், அப்போதுதான் தொடங்கியிருந்த 'சாட்டர்டே நைட் லைவ்' நிகழ்ச்சிக்கு நகைச்சுவை மேதை ரிச்சர்ட் பிரையர் தொகுப்பாளராக வந்தார். கில் ஸ்காட்-ஹெரான் பாட வேண்டும் என்று அவர் பிடிவாதமாக நின்றார். 1975 டிசம்பர் 13 அன்று, புரட்சி டிவியில் வராது என்று சொன்ன அதே மனிதர், அமெரிக்கா முழுக்க ஓடிய டிவி நிகழ்ச்சியில் நின்று 'ஜோஹானஸ்பர்க்' பாடினார்! ஆறே மாதம் கழித்து, 1976 ஜூன் 16 அன்று, ஜோஹானஸ்பர்க்கை ஒட்டிய சொவெட்டோவில் பள்ளி மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள், போலீஸ் சுட்டது, உலகம் அந்தப் பெயரைக் கற்றுக்கொண்டது. கில் முன்கூட்டியே கேட்டிருந்தார்.

முன்கூட்டியே என்றதும் டெட்ராய்ட் நினைவுக்கு வருகிறது. அந்த மாநகருக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் ஃபெர்மி-1 என்று ஓர் அணு உலை. 1966 அக்டோபர் 5 அன்று, உள்ளே கழன்ற ஓர் உலோகத் தகடு, உலையைக் குளிர்விக்கும் திரவ சோடியத்தின் ஓட்டத்தை அடைத்துவிட்டது. எரிபொருளின் ஒரு பகுதி உருகியது. நல்லவேளை, பேரழிவு நடக்கவில்லை. பல வருஷம் கழித்து இதைப் பற்றி ஜான் ஃபுல்லர் ஒரு புத்தகம் எழுதினார். அதைப் படித்த கில், அந்தப் புத்தகத்தின் பெயரிலேயே 1977-இல் பாட்டெழுதினார்: 'வி ஆல்மோஸ்ட் லாஸ்ட் டெட்ராய்ட்'. அணு உலை விபத்தைப் பற்றி மனசை உருக்கும் மெல்லிசை எழுத முடியும் என்று யார் நினைப்பார்கள்? 1979 மார்ச்சில் திரீ மைல் ஐலண்ட் அணு உலை விபத்து நடந்தது. அந்தச் செப்டம்பரில் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் நடந்த அணு எதிர்ப்புக் கச்சேரிகளில், புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் போன்றவர்கள் ஏறிய அதே மேடையில், இந்தப் பாட்டு ஒலித்தது.

நிலவுக்கு மனிதன் போனபோது உலகமே கைதட்டியது. இங்கே வாடகை ஏறுகிறது, மருத்துவச் செலவுக்குக் காசில்லை, அங்கே வெள்ளைக்காரன் நிலாவில் நடக்கிறான் என்று கில் கேட்டார். அந்தக் கவிதை, நீல் ஆம்ஸ்ட்ராங்கின் வாழ்க்கையைச் சொன்ன 'ஃபர்ஸ்ட் மேன்' படத்திலேயே 2018-இல் இடம்பிடித்தது தெரியுமா? நிலவுப் பயணத்தைக் கொண்டாடும் படத்துக்குள் அதைக் கேள்வி கேட்ட கவிதை!

பாப் மார்லியின் இடத்தில்

1980-இல் பாடகர் ஸ்டீவி ஒண்டர் ஒரு பெரிய சுற்றுப்பயணம் கிளம்பினார். உடன் பாட வேண்டியவர் பாப் மார்லி. முதல் சில கச்சேரிகளுக்கு மட்டும் கில்லைக் கூப்பிட்டிருந்தார்கள். மார்லிக்குப் புற்றுநோய் முற்றிவிட்டது, அவரால் வர முடியவில்லை. முழுப் பயணமும் கில் தலையில் விழுந்தது.

அது வெறும் கச்சேரிப் பயணம் இல்லை. மார்ட்டின் லூதர் கிங்கின் பிறந்தநாளைத் தேசிய விடுமுறையாக்க வேண்டும் என்று ஊர் ஊராகக் கேட்ட பயணம். 1980 டிசம்பர் 8 இரவு ஓக்லாந்து மேடையில் ஸ்டீவி ஒண்டர் கூட்டத்திடம் ஒரு செய்தி சொல்ல வேண்டி வந்தது: ஜான் லெனன் சுட்டுக் கொல்லப்பட்டார். அன்று கில்லும் உடன் இருந்தார். அடுத்த மாதம், 1981 ஜனவரி 15 அன்று, வாஷிங்டனில் குளிரில் திரண்ட பெருங்கூட்டத்தின் நடுவே இவர்களும் நின்றார்கள். 1983 நவம்பரில் அதிபர் ரீகன் சட்டத்தில் கையெழுத்திட்டார். எந்த ரீகன்? 'பி மூவி' என்று பன்னிரண்டு நிமிடப் பாட்டில் கில் வறுத்தெடுத்த அதே ரீகன்! முதல் கிங் விடுமுறை 1986 ஜனவரி 20 அன்று வந்தது. கில் தன் சுயசரிதைக்கு வைத்த பெயர் 'தி லாஸ்ட் ஹாலிடே'. தன்னைப் பற்றி எழுத உட்கார்ந்தவர், ஸ்டீவி ஒண்டர் அந்த விடுமுறைக்காகப் பட்ட பாட்டைப் புத்தகத்தின் மையத்தில் வைத்தார்.

இனி சொல்வது வலிக்கிற பகுதி. 1985-இல் அரிஸ்டா அவரைக் கைவிட்டது. அதன்பின் கால் நூற்றாண்டில் புதிதாக வந்த ஸ்டூடியோ இசைத்தட்டுகள் இரண்டே இரண்டு. 22 வயதில் போதை அடிமையின் குரலை அவ்வளவு துல்லியமாக எழுதியவர், கோகெயினில் விழுந்தார். 2001-இல் சிறை, மறுபடி 2006-இல் சிறை. உடலில் எச்.ஐ.வி. இருப்பதையும் பின்னாளில் வெளிப்படையாகச் சொன்னார். அறிவிருந்தும் ஏன் விழுந்தார் என்று கேட்பவர்கள் உண்டு. மதுக்கடை வரிசையில் நின்ற அந்த மருத்துவரையும் அப்படித்தான் கேட்டிருப்பார்கள். கில் அப்படிக் கேட்கவில்லை, நாமும் கேட்க வேண்டாம்.

ராப் இளைஞர்கள் அவரைத் தங்கள் ஞானத்தந்தை என்று கொண்டாடினார்கள். அந்தப் பட்டத்தை அவர் ஏற்கவே இல்லை. 1994-இல் அவர்களுக்கென்றே ஒரு பாட்டு எழுதி, வார்த்தையை யோசித்துப் போடுங்கள், பெண்களை மதியுங்கள் என்று வீட்டுப் பெரியவராகப் புத்தி சொன்னார்.

2006-இல் நியூயார்க்கின் ரைக்கர்ஸ் தீவுச் சிறைக்கு லண்டனிலிருந்து ஒருவர் அவரைப் பார்க்க வந்தார். எக்ஸ்.எல். இசை நிறுவனத்தை நடத்தும் ரிச்சர்ட் ரஸ்ஸல். உங்களை வைத்து ஓர் இசைத்தட்டு செய்ய வேண்டும் என்றார். சிறைப் பார்வை நேரத்தில் பேசி முடித்த ஒப்பந்தம்! நான்கு வருஷம் கழித்து, 2010-இல் 'ஐ'ம் நியூ ஹியர்' வந்தது. பதினாறு வருஷ மௌனத்துக்குப் பிறகு வந்த குரல். தேய்ந்து, ஆழ்ந்து, சாம்பலுக்குள் கனல்போல.

அந்தத் தட்டிலிருந்த ஒரு பாட்டின் பயணத்தைக் கேளுங்கள். 'ஐ'ல் டேக் கேர் ஆஃப் யூ'. எழுதியவர் புரூக் பென்டன். 1959-இல் பாடியவர் பாபி பிளாண்ட். 2010-இல் கில் தன் தேய்ந்த குரலில் பாடினார். 2011-இல் ஜேமி எக்ஸ்.எக்ஸ். என்கிற லண்டன் இளைஞர் அதைப் பிரித்து நடன இசையாக மறுபடி கட்டினார். அதே ஆண்டு அதை அடித்தளமாக வைத்து டிரேக்கும் ரிஹானாவும் 'டேக் கேர்' பாடினார்கள். அந்தப் பாட்டைக் கேட்டு ஆடிய கோடிக்கணக்கான இளைஞர்களில் எத்தனை பேருக்கு, அதன் நடுவில் முனகுகிற குரல் கில் ஸ்காட்-ஹெரானுடையது என்று தெரியும்?

2011 மே 27 அன்று நியூயார்க்கில் காலமானார். வயது 62. ரிவர்சைடு தேவாலயத்தில் நடந்த அஞ்சலியில் ராப் பாடகர் கான்யே வெஸ்ட் பாடினார். அதற்கு முந்தைய ஆண்டுதான் தன் இசைத்தட்டின் கடைசிப் பகுதியை அப்படியே கில்லின் பழைய கவிதைப் பதிவுக்குக் கொடுத்திருந்தார் அவர். 2012-இல் கிராமியின் வாழ்நாள் சாதனையாளர் விருது வந்தது. 2021-இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் அழைத்துக்கொண்டது. இரண்டையும் வாங்க அவர் இல்லை.

அந்தக் கடைசி இசைத்தட்டை இன்றிரவு 'ஹெட்போன்' போட்டுக்கொண்டு, விளக்கை அணைத்துவிட்டுக் கேளுங்கள். மொத்தமே அரை மணி நேரத்துக்குக் கீழேதான். அது ஒரு கவிதையோடு தொடங்கும், அதே கவிதையின் மீதியோடு முடியும். 60 வயதை ஒட்டிய அந்த மனிதர் அதில் யாரைப் பற்றிப் பேசுகிறார் தெரியுமா? பக்கத்து இறுதிச் சடங்குக் கூடத்திலிருந்து பியானோ வாங்கி வந்த பாட்டி, லில்லி ஸ்காட்டைப் பற்றி.